பிரேக் பிடிக்காத பலகையும் உயிலங்குளத்துச் சம்பந்தமும்

எஞ்சின் திருத்துகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. மற்றவனுடைய எஞ்சினைத் தொடுமுன் நாலு கேள்வி கேட்பார்கள். தங்களுடையது என்றால் ஒரு கேள்வியும் இல்லை. எனக்கு அந்த வியாதி முற்றியிருந்த நேரத்தில்தான் கல்யாணமும் பேசி வந்தது.

தலைமன்னாரில் வள்ள எஞ்சின் திருத்துவது என் தொழில். பெண், உயிலங்குளத்து ரெஜினா. மன்னாரில் அவள் வேலை செய்த கந்தோருக்கு ஜெனரேற்றர் திருத்தப் போன இடத்தில் பழக்கம். (மூன்றாம் தடவை நான் போனபோது ஜெனரேற்றரில் பழுதே இருக்கவில்லை.) எங்கள் வீட்டில் சம்மதம். அவளுடைய அப்பா மட்டும் வாய் திறக்கவில்லை. அவர் வயல்காரர், நிதானமான மனுசன். மாப்பிள்ளை சக்கரம் பூட்டின பலகையில் ஓடித் திரிகிறார் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள்.

"ஞாயிறு பூசை முடிய வாறன். ஓடுறதைப் பாத்திட்டுத்தான் முடிவு சொல்லுவன்" என்று சொல்லி அனுப்பினார்.

விசயம் என்னவென்றால், பலகை இன்னும் ரோட்டில் ஓடவேயில்லை. பழைய வள்ளத்துப் பலகையின் அடியில், வெளிநாட்டிலிருந்து எடுப்பித்த இரண்டு டைரக்ட் டிரைவ் மோட்டர் பூட்டியிருந்தேன். பெல்ற் இல்லை, பல்லுச் சக்கரம் இல்லை, மோட்டரிலேயே சக்கரம். சத்தமில்லை, விட்டால் வழுக்கிக்கொண்டு ஓடும். பாதிச் சார்ஜில் முற்றத்துச் சீமெந்தில் ஓடிப் பார்த்தபோது பிரேக் அழகாகப் பிடித்தது. புத்தியுள்ளவன் இன்னும் பத்து நாள் சோதித்திருப்பான். நானோ சோதனை ஓட்டத்தையும் பெண் வீட்டாரையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டேன்.

"ராசா, வேற நாளைக்கு ஓடன்" என்றார் அம்மா.

"அதைப் பாக்கத்தானேயம்மா அவர் வாறார்."

அப்பா ஒன்றுதான் கேட்டார். "பற்றரி நிரம்பியிருக்கோ?"

"ஓம் அப்பா. நூறு வீதம்."

அப்பாவுக்குத் திருப்தி. டாங்கை முட்ட நிரப்பாமல் எங்கள் குடும்பத்தில் எவரும் வள்ளம் தள்ளியதில்லை. நானும் அந்த வம்சம்தானே, விடிந்ததிலிருந்து சார்ஜ் ஏற்றி, போதாதென்று மேலும் ஒரு மணித்தியாலம் விட்டு வைத்தேன்.

அங்கேதான் பிழை நடந்தது. இந்த மோட்டர்களுக்குத் தனியாக பிரேக் கிடையாது. பிரேக் பிடித்தால் மோட்டரே மின்சாரம் உண்டாக்கி பற்றரிக்குத் திருப்பி அனுப்பும்; அந்த இழுவையில்தான் பலகை நிற்கும். பற்றரி முட்ட நிறைந்திருந்தால் மின்சாரம் போக இடமில்லை. பற்றரியைக் காப்பாற்ற கொன்ட்ரோலர் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். மேலே நிற்கிறவனைக் காப்பாற்றுவது அதன் வேலையில்லை. இதெல்லாம் மோட்டரோடு வந்த காகிதத்தில் எழுதியிருந்ததாம். அந்தக் காகிதத்தில் நான் கிறீஸ் துடைத்திருந்தேன்.

வீட்டு வாசலில் ரோட்டோரமாகக் கதிரைகள் போட்டாயிற்று. ரெஜினாவும் அவள் அப்பாவும் வந்து இருந்தார்கள். நான் துறைமுகப் பக்கமிருந்து ஓடி வந்து, கதிரைகளுக்கு முன்னால் நின்று, இறங்கிக் கும்பிடுவதாகத் திட்டம். புதுச் சேர்ட் வேறு போட்டிருந்தேன்.

துறைமுகத்தடியிலிருந்து வெளிக்கிட்டேன். முதுகுக்குப் பின்னால் கச்சான் காற்று. சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த அரை நிமிடம் நான் மன்னார்த் தீவின் ராசா. கதிரைகள் கிட்ட வர, கையிலிருந்த றிமோட்டில் பிரேக்கை அழுத்தினேன். றிமோட் ஒருமுறை 'கீக்' என்றது. மோட்டர் இரண்டும் செத்தன. சக்கரங்கள் சாகவில்லை.

மாமனாராக வர வேண்டியவரை அதே வேகத்தில் கடந்தேன். போகிற போக்கில் கும்பிட்டேன். அவரும் மரியாதைக்காகக் கதிரையிலிருந்து பாதி எழும்பினார். அம்மா புனித அந்தோனியாரைக் கூப்பிட்டார். முன்னால் ரோட்டுக்குக் குறுக்கே நாலு கழுதைகள். எங்கள் ஊர்க் கழுதைகள் பஸ்ஸுக்கே விலகாது. நானோ சத்தமே இல்லாமல் வருகிறேன்.

குதித்தால் கால் போகும், பலகையிலேயே நின்றால் கழுதை. கல்யாணம் எப்படியும் போனதுதான் என்று நினைத்தேன்.

அப்போது பின்னால் ஓடி வந்த ரெஜினாவின் குரல் கேட்டது. "குந்துங்கோ. அப்பிடியே குந்துங்கோ."

ஏன் எதற்கென்று யோசிக்கவில்லை. குந்தினேன். புதுச் சேர்ட் அதுவரை காற்றை அடைத்துக்கொண்டு என்னைத் தள்ளியிருக்கிறது. பாய் விரித்து வள்ளம் ஓட்டிய பரம்பரையில் வந்த எனக்கு அது தெரியவில்லை, வயல்காரர் மகளுக்குத் தெரிந்தது. குந்தியதும் வேகம் விழுந்தது. இரண்டு செருப்பையும் ரோட்டில் தேய்த்தேன். கடைசிக் கழுதையின் வாலுக்கு ஒரு முழம் இருக்கும்போது பலகை நின்றது. கழுதை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கை கால் எல்லாம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். இருந்தன. அவ்வளவு பெரிய மூச்சு நான் அதற்குப் பிறகு விட்டதேயில்லை. பலகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அடி தேய்ந்த செருப்போடு கதிரைகளுக்கு முன்னால் போய் நின்றேன்.

ரெஜினாவின் அப்பா தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான் வாய் திறந்தார்.

"தம்பி, பிள்ளை சொன்னவுடன ஏன் குந்தினனீர்?"

"எனக்கு வேற ஒண்டும் தெரியேல்ல, ஐயா. அவவுக்குத் தெரிஞ்ச மாதிரி இருந்தது."

அவர் மகளைப் பார்த்தார். பிறகு என் செருப்பைப் பார்த்தார். "அது காணும், வேற ஒண்டும் வேண்டாம். கல்யாண நாளைக் குறிப்பம்" என்றார்.

கல்யாண விருந்தில் நன்றி சொல்ல எழும்பினேன். தொண்டையைச் செருமி முடிக்கவில்லை, உயிலங்குளத்து ஆட்கள் இருந்த மேசை முழுவதும் ஒரே குரலில், "குந்துங்கோ" என்றது. அன்றைக்குத் தொடங்கியது. இப்போது யாருடனாவது நான் குரலை உயர்த்தினால் ரெஜினா அந்த ஒரு சொல்லைத்தான் சொல்வாள். போன கிழமை நாலு வயது மகளும் சொன்னாள். ஏனென்று கேட்காமல் குந்திவிட்டேன்.