கோமு சொன்ன ‘மேலே’

எங்கேயாவது ஓடு உடையும் சத்தம் கேட்டால் என் வலது கால் என்னைக் கேட்காமலே மடங்கிக்கொள்ளும். கல்யாண வீட்டில் பீங்கான் தட்டு விழுந்தாலும் சரி, தெருவில் பூந்தொட்டி கவிழ்ந்தாலும் சரி, அந்தக் காலுக்கு எல்லாமே ஓடுதான். (மிச்ச உடம்பு ஓரளவு விவரமானது.) கூடவே மூக்கில் ஒரு வாசனையும் ஏறும். நனைந்த ஓடு, பாறையில் ஊறிப்போன நல்லெண்ணெய், தேங்காய்ப்பாலில் கொதிக்கும் சொதி. குற்றாலம், சாரல் காலம், யுத்தத்துக்கு முந்தைய ஒரு வருஷம்.

எனக்கு அப்போது இருபது வயது. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுக் கவிதை எழுதிக்கொண்டிருந்தேன். அதாவது, சும்மா இருந்தேன். அக்காவைக் கட்டிய அத்தானுக்குத் தென்காசியில் மிளகாய் வத்தல் மண்டி. என்னை அங்கே உட்கார வைக்க அவருக்கு ரொம்ப ஆசை. மண்டி வாசலில் கால் வைத்தாலே நான் தும்ம ஆரம்பித்து, பிறகு அன்று முழுவதும் வேறு வேலை எதுவும் செய்ததில்லை.

தப்பிக்க ஒரே வழி வாசுதேவநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. அங்கே ஒரு சிறு பள்ளிக்கூடத்தின் மானேஜர் அத்தானுக்குப் பழக்கம். சின்ன வகுப்புக்கு வாத்தியார் தேடிக்கொண்டிருந்தார். சீசனுக்காக அத்தான் குற்றாலத்தில் பிடித்திருந்த ஓட்டு வீட்டுக்கு அவர் ஒரு நாள் குளிக்க வருவதாகவும், சாப்பிட்டுவிட்டு நான் பாடம் நடத்துவதைப் பார்ப்பதாகவும், சாயங்கால ரயிலுக்குப் போகும் முன் முடிவு சொல்வதாகவும் ஏற்பாடு. ஆகவில்லை என்றால் மண்டி. அத்தான் எனக்கு ஒரு தலைப்பாகைத் துண்டுகூட வாங்கி வைத்துவிட்டார்.

பாடம் நடத்தப் பிள்ளை வேண்டுமே. அக்கா மகள் கோமு இருந்தாள். மூன்று வயது. எல்லாவற்றுக்கும் “அங்கன” என்பாள். பால் அங்கன, பூனை அங்கன, அப்பா அங்கன. இந்த ஒரு சொல்லை உடைத்து மேலே, கீழே, உள்ளே, வெளியே என்று நான்காக அவள் கையில் கொடுத்தால் மானேஜர் மயங்கிவிடுவார் என்று கணக்குப் போட்டேன்.

விளையாட்டு சுலபமானது. அவளுடைய விளையாட்டுச் செப்புக் குடத்தை நான் ஒளித்து வைப்பேன். பெட்டிக்கு உள்ளே, பாய்க்குக் கீழே. கண்டுபிடித்து இடத்தைச் சொன்னால் பனங்கற்கண்டு. பிறகு அவள் ஒளிப்பாள். அவளும் இடத்தை ஒரே ஒரு சொல்லில் சொல்ல வேண்டும். சொன்னதும் உதட்டின் மேல் விரலை வைத்துக்கொள்ள வேண்டும். கூட ஒரு வார்த்தை பேசினால் கற்கண்டு கிடையாது. (இந்த விதி என் சொந்தக் கண்டுபிடிப்பு. அதில் எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் கூசுகிறது.) கூடத்து மேஜைதான் அவளுடைய வீடு. விரிப்பு தரை வரை தொங்கும். அதற்குள் தவழ்ந்து போய்ச் சம்சாரம் நடத்துவாள்.

மானேஜர் வந்தார். கனத்த மனிதர், கனத்த மீசை. தலை நிறைய எண்ணெய் தேய்த்துக்கொண்டார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, வாயிலிருந்து எதையோ கழற்றி, மேஜை மேலிருந்த கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டார். பல் செட்டு. பெரிய அருவியின் அடி தலையில் விழும்போது சொந்தப் பல்லே ஆடும், கட்டின பல் என்ன ஆகும். விவரமான ஆள்தான். அத்தானோடு அருவிக்குப் போனார்.

அவர்கள் தலை மறைந்ததும் கோமுவைக் கூப்பிட்டேன். “ஏட்டி, பெரியவுக வந்ததும் நாம வெளையாடணும். போ, புதுசா எதையாச்சும் ஒளிச்சு வச்சுப் பழகு” என்றேன். சொல்லிவிட்டுத் தலை வாரப் போனேன்.

திரும்பி வந்த மானேஜர் தம்ளரைப் பார்த்தார். தண்ணீர் இருந்தது. அதைத் தவிர ஒன்றும் இல்லை. துண்டால் வாயை மூடிக்கொண்டு எங்களைப் பார்த்தார். அதன் பிறகு மத்தியானம் முழுக்க அவர் பேசியதெல்லாம் கண்ணால்தான்.

அத்தான் ஜன்னலைப் பார்த்தார். வெளிச் சுவரில் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது. குற்றாலத்தில் சோப்பு போனாலும் சீப்பு போனாலும் தீர்ப்பு ஒன்றுதான்.

“கொரங்கு தூக்கிட்டுப் போயிட்டு அண்ணாச்சி” என்றார் அத்தான்.

எனக்கு மட்டும் நான் கோமுவிடம் சொல்லிவிட்டுப் போனது நினைவுக்கு வந்தது. கோமுவைத் தனியே இழுத்துக் கேட்டேன். “தாயி, அந்தப் பல்லை நீ எடுத்தியா? எங்கன இருக்கு?”

“மேல” என்றாள். உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

“மேலன்னா? எதுக்கு மேல?”

விரல் நகரவில்லை. கற்கண்டு டப்பாவை மட்டும் பார்த்தாள்.

அவசரமாக மேஜை மேல் பார்த்தேன், அலமாரி மேல் பார்த்தேன், பரணில் பார்த்தேன். அத்தான் தன் பங்குக்கு விரிப்பைத் தூக்கிப் பார்த்து, “கீழ ஒண்ணுமில்ல” என்றார். மூன்றடி உயரத்துக்கு எட்டாத இடத்தையெல்லாம் துழாவியபின் எனக்கு ஞானம் பிறந்தது. பிள்ளை எடுக்கவில்லை. குரங்கு எடுத்து ஓட்டின் மேல் போனதைப் பார்த்துத்தான் சொல்கிறாள்.

ஒரு வாழைப்பழத்தை மடியில் கட்டிக்கொண்டு ஏணி வைத்து ஏறினேன். சாரல் பூவாகத் தூவிக்கொண்டிருந்தது. பாசி படிந்த ஓடு. குரங்கு பழத்தை வாங்கித் தின்றுவிட்டு என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

“என்னலே, இருக்கா?” என்று அக்கா கீழேயிருந்து கேட்டாள்.

“இருக்குக்கா. எல்லாம் அதோட சொந்தப் பல்லு” என்றேன்.

அடுத்த அடியில் ஓடு உடைந்தது.

கூடத்தில் மானேஜர் இலையின் முன் உட்கார்ந்திருந்தார். சொதியைப் பிசைந்து சோற்றை விழுங்கிக்கொண்டு, மொறுமொறுவென்று வறுத்த உருளைக்கிழங்கைப் பிரிந்த உறவைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாராம். அவர் தலைக்கு நேர் மேலே தொடை வரை என் கால் இறங்கியது. ஓட்டுத்தூள் சொதியில் தூவியது. ஓட்டில் தவழ்ந்தபோதே அவிழ்ந்த வேட்டி கூரைச் சட்டத்தில் மாட்டி வெளியே தொங்கியது. எங்கள் வீட்டு வரலாற்றில் மிக அமைதியான நிமிடம் அது. அந்த அமைதியில் வாசல்படியில் நின்ற கோமுவின் குரல் தெளிவாகக் கேட்டது.

“மாமா மேல. கால் உள்ள. வேட்டி வெளிய.”

எட்டு நாள் பாடம். ஒரு தப்புக்கூட இல்லை.

என்னை இறக்கிக் கூடத்தில் பாய் விரித்துப் படுக்க வைத்தார்கள். அக்கா திட்டிக்கொண்டே காலுக்கு மஞ்சள் பத்துப் போட்டாள். அத்தான் தலைப்பாகைத் துண்டை எடுத்து என் பக்கத்தில் வைத்தார். மானேஜர் வாசலில் குதிரை வண்டிக்காக நின்றார்.

கோமு மட்டும் என்னைக் கைவிடவில்லை. மேஜைக்குள் தவழ்ந்து போய், விரிப்பை விலக்கி, “மாமா வா” என்றாள். எழுந்திருக்க முடியாததால் படுத்தவாக்கில் தலையை உள்ளே நகர்த்தினேன். அண்ணாந்து பார்த்தேன்.

அது அவளுடைய வானம். பலகை, ஒரு சிலந்தி வலை, கால்களை இணைக்கும் குறுக்குச் சட்டம். சட்டத்தின் மேல் செப்புக் குடம். குடத்துக்குப் பக்கத்தில் முப்பத்திரண்டு பல்லும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன.

அவள் சொன்னது சரி. மேலேதான் இருந்தது. அத்தான் விரிப்பைத் தூக்கித் தரையைப் பார்த்தார். நான் ஊருக்கெல்லாம் மேலே பார்த்தேன். மேலே என்பது எங்கே தொடங்குகிறது என்று அந்தப் பாயில் கிடந்தபடி யோசித்தேன். அருவியில் நிற்பவனுக்கு மேலே தண்ணீர், தண்ணீருக்கு மேலே மலை, மலைக்கு மேலே சாரல் மேகம். மேகத்தைக் கூப்பிட்டுக் கேட்டால் அது எதைச் சொல்லும்? இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. எங்கள் வீட்டில் இன்னும் மூக்குக்கண்ணாடி தொலைந்தாலும் சாவி தொலைந்தாலும் யாராவது ஒருத்தர் கேட்பார்கள்: “மாமாவ ஓட்டுல ஏத்திப் பாத்தாச்சா?” கேட்பவள் பெரும்பாலும் கோமுதான். அவளுக்கே இப்போது மூன்று வயதில் ஒரு பெண் இருக்கிறாள்.

பல் கழுவி ஒப்படைக்கப்பட்டது. மானேஜர் மாட்டிக்கொண்டு, முதல் காரியமாக ஆறிப்போன உருளைக்கிழங்கு வறுவலை நின்றபடியே ஒரு கை தின்றார். ஒளிக்கும் விளையாட்டையும் பிள்ளை சொன்ன ‘மேல’யையும் அக்கா சொல்லக் கேட்டுக்கொண்டு மேஜையிடம் வந்தார். அத்தனை கனத்தையும் மடக்கிக் குனிந்து, விரிப்பைத் தூக்கி, சட்டத்தை வெகுநேரம் பார்த்தார். வண்டி வந்துவிட்டது. நான் அத்தான் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டே வாசலுக்குப் போனேன். அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்து, அக்கா இடுப்பிலிருந்த கோமுவைப் பார்த்துக் கேட்டார்.

“தாயி, ஒங்க மாமாவ எங்கன உக்கார வைக்க?”

“கீழ” என்றாள் கோமு. உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டாள்.

மானேஜர் என் பக்கம் திரும்பினார்.

“திங்கக்கிழமை வந்து சேரும்வே. வகுப்புல இருந்து நாற்காலிய எடுத்துரச் சொல்லுதேன்.”