பன்னிரண்டு வருட முதல் அத்தியாயம்

"ஜன்னலோரத்துல இருந்த காகிதக் கட்டு எங்கே?" என்று அலறினார் சபராலி.

"பழசுன்னு நெனச்சு விதைக்காரி ஜூராகிட்ட குடுத்துட்டேன். பொட்டலம் மடிக்கட்டும்" என்றாள் மனைவி பாத்மா, மாவு பிசைந்தபடியே.

அது சபராலி எழுதிவந்த நாவலின் முதல் அத்தியாயம். நாரின் நகரத்து நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, பன்னிரண்டு வருடமாக அந்த ஒரே அத்தியாயத்தைத் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார், பாவம். அது சரியாக வராமல் இரண்டாவதுக்குப் போக மனம் வரவில்லை. மீசையும் நரைத்துவிட்டது, நாவலை முடிக்காமலே கண்ணை மூடிவிடுவோமோ என்ற பயம் அவருக்கு நிஜமாகவே இருந்தது.

தொப்பியைக்கூடப் போடாமல் சந்தைக்கு ஓடினார்.

"எல்லாம் காலையிலேயே வித்துப்போச்சு அண்ணே. கடைசிப் பொட்டலத்தை இப்பத்தான் மினி பஸ் மிர்லான் வாங்கிட்டுப் போனான்" என்றாள் ஜூரா.

கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸில் தாவி ஏறினார். டிரைவர் மிர்லான் சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி பொட்டலக் காகிதத்தைக் காட்டினான்.

"இது நீங்க எழுதினதா? மாப்பிள்ளை ஒரு பக்கம் முழுக்கக் குதிரைக்குச் சேணம் கட்டிக்கிட்டே இருக்கான். கெளம்புவானா, மாட்டானா?"

"முதல்ல காகிதத்தைக் குடு."

"முதல்ல பதிலைச் சொல்லுங்க."

"கெளம்பிட்டான்! ஆத்துல குதிரையை வெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போயிடுது" என்று வாய்க்கு வந்ததை அவிழ்த்துவிட்டார்.

"ஐயையோ, வாயில்லா ஜீவன்! அது செத்துச்சுன்னா நான் இங்கயே எறங்கிடுவேன்" என்று கத்தினாள், கோழிக்குஞ்சுப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்.

குதிரையைக் காப்பாற்றினார். அதற்குள் நேரமாகி, கல்யாணப் பெண் கோபித்துக்கொண்டு நகரத்துக்குப் போய்விட்டாள். பின்சீட்டு சண்டைக்கு வந்தது. அவளை அழைத்துவர மாப்பிள்ளையின் தம்பியை அனுப்பினார். தம்பிக்கே அவள்மேல் ஆசை வந்துவிட்டது. பஸ்ஸே கொந்தளித்தது.

"நாளைக்கு வந்து இதைச் சரி பண்ணுங்க. இல்லேன்னா என் வண்டியில உங்களுக்கு எடம் கெடையாது" என்றான் மிர்லான். காகிதத்தையும் கொடுக்கவில்லை. அலுவலகம் போக இருந்ததோ அந்த ஒரே பஸ்.

அன்றிலிருந்து தினமும் எழுந்ததும் கோணல்மாணலாக மூன்று பக்கம் எழுதி, பஸ்ஸில் படித்தார். திருத்த ஏது நேரம்? திங்கட்கிழமை செத்துப்போன மாமனார் புதன்கிழமை டீ குடித்தார். யாரும் கோபிக்கவில்லை. "அப்புறம்?" என்று மட்டும்தான் கேட்டார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே சபராலி விடியும் முன் எழுந்தார்.

பனி உருகத் தொடங்கியபோது நாவல் முடிந்தது. ஐந்நூற்றுச் சொச்சம் பக்கம். 'முற்றும்' என்று எழுதியதும் மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக ஜூராவிடம் போனார்.

"உனக்குத்தாம்மா முதல் நன்றி. அந்த அத்தியாயம் தொலையலேன்னா நான் இன்னும் சேணம் கட்டிக்கிட்டுத்தான் இருந்திருப்பேன்."

ஜூரா விதையை அளந்தபடியே சொன்னாள்: "தொலையறதாவது! உங்க வீட்டம்மா எனக்குக் குடுத்தது ஒரே ஒரு பக்கம்தான் அண்ணே; மிச்சத்தை, 'அவரு கதையை முடிக்கிற வரைக்கும் மூச்சு விடாதே'ன்னு என் மெத்தைக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்காங்க!"