மாதிரி வேலை: ஒரு கக்கூஸ் கதவு

சக்கரத்துக்குப் பிறகு மனித குலம் கண்டுபிடித்த மாபெரும் சாதனம் ‘மாற்று மென்பொருள் தேர்வுக் குழு’ என்பது என் தாழ்மையான கருத்து. 1999இல் கோலார் தங்கவயலில், எங்கள் குவார்ட்டர்ஸ் பராமரிப்பு ஆபீசில் அப்படி ஒரு குழு அமைந்தது. செயலாளர் அடியேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, போர்டிலேயே எழுதியிருந்தது.

அதற்கு முன் எங்கள் நிர்வாகம் கற்காலத்தில் இருந்தது. யாராவது வந்து புகார் சொல்வார்கள். தச்சர் சம்பங்கி தலையாட்டுவார், மறுநாள் போய்ச் சரிசெய்துவிடுவார். எந்த வேலை எத்தனை நாளாக ‘நிலுவை’யில் இருக்கிறது என்று கேட்டால் சொல்ல வழியில்லை, ஏனென்றால் நிலுவையே கிடையாது. இந்த அவலத்தைப் போக்கத்தான் ஒரு கம்ப்யூட்டரும், வேலைகளையும் தேதிகளையும் கட்டி மேய்க்க ஒரு மென்பொருளும் வாங்கினோம்.

அந்த மென்பொருளில் வாரம் திங்கட்கிழமை தொடங்கியது. வேதாகமப்படி வாரத்தின் முதல் நாள் ஞாயிறு என்று குழுத் தலைவர் ஏசுபாதம் சார் அதை நிராகரித்தார். ராபர்ட்சன்பேட்டையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் கிரிஷ் ஒரு மாற்று கொண்டுவந்தான். அது வேலையை ஞாபகப்படுத்த மணி அடித்தது. ஷிப்ட் முடிந்துவிட்டதென்று ஆபீசே காலை பதினோரு மணிக்கு வீட்டுக்குப் போய்விட்டது. அதுவும் தள்ளுபடி. அடுத்தடுத்து இன்னும் இரண்டு வந்தன, போயின.

எல்லாவற்றையும் ஒரே வேலையை வைத்துச் சோதிப்பதுதானே நியாயம்? பட்டியலில் முதலில் இருந்தது, ‘ஜெசிந்தா வீடு, கக்கூசுக்குக் கதவு இல்லை.’ அதையே ‘மாதிரி வேலை’ ஆக்கினோம். நடுவில் கதவை மாட்டினால் சோதனை கெட்டுவிடும் என்பதால் சம்பங்கிக்குத் தடை உத்தரவு போட்டோம்.

ஜெசிந்தா நாலு தரம் வந்து நின்றார். மகள் ஸ்வீட்டியைப் பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து வருகிறார்களாம். வீட்டில் பழைய சேலையைத் தொங்கவிட்டு, அம்மாவும் மகளும் மாறி மாறிக் காவல் நிற்கிறார்களாம். கவலைப்பட வேண்டாம், புது விண்டோஸ் வருகிறது என்று கிரிஷ் ஆறுதல் சொன்னான்.

“எனக்கு ஜன்னல் வாணாம்பா. கதவுதான் வேணும்.”

நியாயமான கோரிக்கைதான். சனிக்கிழமை தடையைத் தளர்த்தி, ஸ்டோரில் இருந்த ஒரே கதவை வெளியே எடுத்தோம். அந்த நேரம் பார்த்து, அறை திறந்து கிடந்தால் கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்றான் கிரிஷ். குழு அவசரமாகக் கூடி, கதவைக் கம்ப்யூட்டர் அறைக்கு ஒதுக்கியது. சம்பங்கி எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் அதை மாட்டிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை ஜெசிந்தா வந்தார். மாப்பிள்ளையின் அம்மா பின்பக்கம் ஒரு தரம் போய் வந்தவர், காபியைக்கூடத் தொடாமல் பஸ் ஏறிவிட்டாராம். சொல்லிவிட்டுப் புதுக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“உள்ள அது இன்னா சார் பண்ணுது, கதவ சாத்திக்கினு?”

எனக்குக்கூட ஒரு நிமிஷம் வெட்கமாகிவிட்டது. செயலாளருக்கு அது அழகல்ல என்று விட்டுவிட்டேன்.

அன்று மாலையே ஐந்தாவது மென்பொருளை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தோம். முதல் பதிவை என் கையாலேயே செய்தேன்: ‘கதவு மாட்டப்பட்டது. வேலை முடிந்தது.’ எந்த வீட்டில் என்று அது கேட்கவில்லை. அதைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான்.