வெள்ளிக் கிரகத்துக்கு ஒரு மனு

வெல்லம் மடித்து வந்த பேப்பரை நான் படித்திருக்கக் கூடாது. இன்றுவரை மனசு ஆறவில்லை.

அறுபத்தேழாம் வருஷம். காளப்பநாயக்கன்பட்டிக் கடை வெல்லம். பேப்பரில் போட்டிருந்தது: "சந்திரனையும் கிரகங்களையும் எந்த நாடும் சொந்தம் கொண்டாட முடியாது. ஒப்பந்தம் கையெழுத்தானது."

எங்கள் கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. எங்களுடையது திண்ணனூர் நாடு. எங்களுக்கு ஆகாதது பெரக்கரை நாடு. எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று.

"இருசாயி! பெரக்கரை நாட்டுக்காரனுக்குக் கிரகம் கெடையாதாம்!"

"நம்ம நாட்டுக்குங்க?"

"நமக்குங் கெடையாது. ஆனா தனி ஆளுக்குக் கூடாதுன்னு ஒரு எழுத்து இல்ல. வெடியறப்ப மலைமேல நிக்குதே வெள்ளி, அத நான் மனுப் போட்டு வாங்கப் போறேன்."

போன வருஷம் தேனீ வளர்க்கிறேன் என்று பசுமாட்டை விற்றவன் நான். தேனீயும் பறந்துவிட்டது. நியாயமாக என் மனைவி சண்டைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"ஏனுங்க, அங்க யாருங் குடியில்லீங்களே? அப்ப அது பொறம்போக்குத்தானுங்க?"

"பின்னே?"

"பொறம்போக்க நெலமில்லாதவங்களுக்குத்தானுங்க குடுப்பாங்க. உங்களுக்குத்தான் மெளகுக்காடு இருக்குதே."

திக்கென்றது. என் அப்பன் தன் கையால் மிளகுக்கொடி ஏற்றிவிட்ட இரண்டு ஏக்கர்.

"உம்பேருக்கு எழுதி வெச்சுட்டா?"

"ஐயோ, எனக்கெதுக்குங்க அந்தப் பாரம்!" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான்தான் கெஞ்சினேன். மலையிறங்கிப் போய்ப் பத்திர ஆபீசில் எழுதியும் கொடுத்தேன்.

மறுவாரம் மனுவோடு தாலுக்கா ஆபீஸ். குமாஸ்தா அர்த்தனாரி படித்துவிட்டு விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நாடுன்னா உங்க மலைநாடு இல்லய்யா. இந்தியா, அமெரிக்கா, ரஷ்யா! அவங்களுக்கே இல்லாத வெள்ளி உனக்கா?"

மலையேறும்போது அப்பன் ஞாபகம் வந்தது. அழுகையும் வந்தது.

"இருசாயி, காட்டத் திருப்பி எழுதிக் குடுத்துரு புள்ள."

"எதுக்குங்க? அடுத்த தேனீக்கா? மாடு போனது போதும், காடாச்சும் இருக்கட்டும். நாளைக்குக் காத்தால களையெடுக்க வந்துருங்க."

"என் காட்டுக்கு நானே ஆளா? அப்ப எனக்குன்னு ஒண்ணுமே இல்லியா?"

"ஏனுங்க இல்ல? ஆசப்பட்டுக் கேட்டீங்களே, வெள்ளி உங்களுக்கேதானுங்க. மத்த ஆறு நாளும் களைக்கு வந்துருங்க."