ஒத்துக்காத உடம்பு

"ஊசி போட்டாத்தான் விமானத்துல ஏத்துவாங்கன்னா, போட்டுக்கிட்டு ஏற வேண்டியதுதான். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள் அவள், செருப்பை மாட்டிக்கொண்டே.

"உன் உடம்பு இருக்கே, அதைத்தான் யோசிக்கணும்" என்றார் அவள் கணவர்.

"என் உடம்பை நான் யோசிச்சுக்கறேன். நீங்க கதவைப் பூட்டுங்க."

பேருந்து நிலையத்தின் விசாரணைக் கவுன்டரில் உட்கார்ந்தே தலை நரைத்து ஓய்வு பெற்றவர் அவர். தெருவில் 'என்கொயரி சார்' என்றுதான் பெயர். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவார். "கால் வலி எப்படிக்கா இருக்கு?" என்று பக்கத்து வீட்டுக்காரி அவளைக் கேட்டால், "பரவாயில்லை" என்று இவர் சொல்வார். காய்ச்சல் என்று அவளை அழைத்துப் போனாலும் டாக்டருக்கு நேர் எதிரே இவர்தான் உட்காருவார். நாக்கை நீட்டும் வேலை மட்டும் அவளுடையது.

அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் பிரிவுக்குத் தலைவி. வெளிநாட்டில் புதிதாகத் திறக்கும் கிளையில் வேலை சொல்லிக்கொடுக்கக் கம்பெனி அவளை மூன்று மாதம் அனுப்புகிறது. போகட்டுமா என்று அவள் கேட்கவில்லை. போகிறேன் என்றாள்.

"அப்படின்னா நானும் வரேன். உன்னைத் தனியா அனுப்ப முடியாது."

"என்னை அனுப்பறது கம்பெனிங்க. நீங்க இல்ல."

அவர் தனக்கும் டிக்கெட் வாங்கினார். அன்றிலிருந்து அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. போன வாரத்திலிருந்து வலது பக்கமே ஒருக்களித்துப் படுத்தாள். கோபம் என்று எடுத்துக்கொண்டார்.

உண்மையில் அவருக்கு எங்கும் போக வேண்டாம். அவளும் போக வேண்டாம். ஒருமுறை அவள் தங்கை வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தங்கியபோது, கூடத்தில் டிவியையும் அறையில் ரேடியோவையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பயம் என்று பெயர் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. அவளைப் பற்றிய கவலை என்று வைத்துக்கொண்டார்.

பயணத்தை நிறுத்த மருந்துக் கடைக்காரர்தான் வழி காட்டினார். "மஞ்சள் காய்ச்சல் ஊசியா? அதை முட்டையிலதான் சார் வளர்க்கறாங்க. முட்டை ஒத்துக்காதவங்களுக்குப் போட ரொம்ப யோசிப்பாங்க."

முட்டை! அந்த வீட்டுக்குள் முட்டை நுழைந்ததே இல்லை. யாருக்கு ஒத்துக்கொள்ளாமல் அப்படி ஆனது என்பது இப்போது அவர் நினைவில் இல்லை. வீட்டுச் சட்டம் அது.

"அடுத்தது யாரு?" என்று டாக்டர் அறையிலிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"நாங்கதான்" என்று முதலில் எழுந்தார்.

டாக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தார். "நீங்களும் வந்தீங்களா? உக்காருங்கம்மா." அவள் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர் வழக்கம்போல் நேர் எதிரே.

"முட்டை சாப்பிட்டா ஏதாவது..."

"ஒத்துக்காது டாக்டர்! வாயில வைக்கவே முடியாது. மூஞ்சி பூரா வீங்கிடும்."

அவள் பெஞ்சிலிருந்து, "அதை நல்லா எழுதிக்குங்க டாக்டர்" என்றாள்.

கிண்டல் செய்கிறாள் என்று அவர் திரும்பி முறைத்தார்.

"பரவாயில்ல, அதுக்கும் வழி இருக்கு" என்றார் டாக்டர். "பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். கொஞ்சம் கொஞ்சமாப் போட்டுப் பாப்பாங்க."

அவருக்குத் திக்கென்றது. வழி இருக்கக் கூடாதே!

"மூச்சு இரைக்கும் டாக்டர். மாடி ஏறினா போதும்."

"அதுக்கு மருந்து தரலாம்."

"ஊசியைப் பாத்தாலே மயக்கம் வந்துடும்."

"படுக்க வெச்சுப் போடலாம்."

விடுவதாயில்லை இந்த டாக்டர். அவரும் விடுவதாயில்லை. "தலைகாணி மாறினா தூக்கம் போச்சு. வெளியில ஒரு வாய் சாப்பிட்டா வயிறு போச்சு. வீட்டுல தனியா இருந்தா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். கரண்டு போனா ஒரு கை புடிச்சுக்கிட்டே இருக்கணும்." எங்கிருந்து இவ்வளவு சரளமாக வருகிறது என்று அவருக்கே வியப்பாக இருந்தது. யோசித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வருடக்கணக்காக உள்ளே காத்திருந்ததுபோல் ஒவ்வொன்றும் தானாக வந்து விழுந்தது.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "இதெல்லாம் நிஜமாம்மா?"

மறுக்கப்போகிறாள் என்று அவர் காத்திருந்தார்.

"ஒண்ணுகூடப் பொய்யில்ல டாக்டர்" என்றாள். "இவர் சொல்லாம விட்டதும் நாலஞ்சு இருக்கு."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் புரிந்துகொண்டாளே!

நர்ஸ் வந்து அவர் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினாள்.

"எனக்கா? சரி, ரெண்டு பேரும்தானே போறோம். அவளுக்கும் பாருங்க."

"அவங்களுக்குத் தேவையில்ல சார்."

பார்க்காமலே விட்டுவிடும் அளவுக்கு மோசமா! அந்த நினைப்பில் அவருடைய அழுத்தம் எகிறியது. நர்ஸ் இரண்டு முறை பார்த்துவிட்டு டாக்டரிடம் காட்டினாள்.

டாக்டர் பேனாவை மூடினார். "நேராவே சொல்லிடறேன். இந்த உடம்புக்கு இந்த ஊசி வேண்டாம். ஊசி இல்லாம அந்த ஊருக்கும் போகக் கூடாது. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துடுங்க."

"நீங்க சொன்னா சரி டாக்டர்! டாக்டர் பேச்சுக்கு மறுபேச்சு உண்டா?" அவர் கும்பிடாத குறையாக எழுந்தார்.

வெளியே வந்ததும் குரலை இறக்கி, "மனசை விடாதே. டாக்டரே முடியாதுன்னுட்டாங்க. நம்ம கையில என்ன இருக்கு?" என்றார்.

"நான் மனசை விடலையே" என்றாள் அவள். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. "ஸ்டவ் பத்த வைக்க இன்னிக்குச் சாயங்காலமே கத்துக்கொடுத்துடறேன். ரேடியோவுக்குப் புது பேட்டரியும் வாங்கிடலாம்."

"அது இப்ப எதுக்கு?"

கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிற்பது அவருக்குப் பழக்கமில்லை. தடுமாற்றமாக இருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் நர்ஸ் பின்னாலேயே ஓடி வந்து அவளுடைய இடது தோளை மெல்ல அழுத்திப் பார்த்தாள்.

"போன வாரம் உங்களுக்கு ஊசி போட்டேனே, அந்த வீக்கம் வடிஞ்சிடுச்சும்மா. அப்புறமென்ன, நீங்க தைரியமாக் கிளம்புங்க. டாக்டர் வேண்டாம்னது சாரை மட்டும்தானே!"