பூட்டு சார் கட்டிய பந்தயம்

தன் ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் ஓர் எறும்புகூட நுழைய முடியாது என்று பல் துலக்கிக்கொண்டே மனைவியிடம் அறிவித்தார் பூட்டு சார். கம்ப்யூட்டர் பாதுகாப்பு அவர் பொறுப்பு என்பதால் ஆபீசில் வைத்த பட்டப்பெயர்தான் அது. பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"முன்ன மாதிரி இல்லம்மா. அப்பல்லாம் கம்ப்யூட்டர் பூரா ஒரே ரூம்ல இருக்கும். ரூமைப் பூட்டினா வேலை முடிஞ்சுது. இப்ப ஒருத்தன் வீட்டுல உக்காந்து வேலை பாக்கறான், ஒருத்தி பஸ்ல போறப்ப போன்ல ஃபைலைத் திறக்கறா. திருடன் எந்தப் பக்கமா வருவான்னே தெரியாது. நான் ஒரு நாள் லீவு போட்டா ஆபீஸ் அம்போ."

இந்தப் பிரசங்கத்துக்குக் காரணம் இருந்தது. அவர் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை கிடைத்திருந்தது. அதற்கு ஒரு வாரம் பயிற்சிக்குப் போயே ஆகவேண்டும். அந்த வாரம் பாப்பாவை யார் பார்ப்பது?

"அப்ப நானே உங்க ஆபீசுக்குள்ள வந்து, உங்க நாற்காலில உக்காந்துட்டா?"

"உக்காந்துட்டா அந்த வாரம் பாப்பாவுக்கு நான்தான் அம்மா."

"என்னைக்கு வருவேன்னு சொல்ல மாட்டேன்."

"சொல்லாதே. கார்டைக் காட்டாம எங்க கதவு அசையாது."

மாதாமாதம் ஊழியர்களுக்குப் பொய் மெயில் அனுப்பிச் சோதிப்பது பூட்டு சாரின் வழக்கம். ஏமாந்தவர், அவர் நடத்தும் பாதுகாப்பு வகுப்பில் எழுந்து நின்று, 'தப்பு என்னுடையது' என்று எல்லார் முன்னாலும் சொல்லவேண்டும். இந்த மாதம் இலவசக் குடைக்கு ஆசைப்பட்ட கணக்குப் பிரிவு அம்மாள் நின்றுகொண்டிருந்தார். பின்வரிசையில் டைரக்டர். பூட்டு சார் தன் போனைப் பெரிய திரையோடு இணைத்து, பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

போன் கிணுகிணுத்தது. திரையில் ஒரு படம் விரிந்தது. அவருடைய அறை, அவருடைய நாற்காலி. அதில் ஒரு பெண் சாய்ந்துகொண்டு, அவருடைய பாட்டிலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"யார் சார் இந்தம்மா?" என்றார் கணக்கு அம்மாள்.

"என்... வீட்டுக்காரி."

சிரிப்புச் சத்தம் கேட்டதும் பூட்டு சாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "சிரிக்கற விஷயமா இது? யாரோ கதவைத் திறந்து விட்டிருக்காங்க. அது யாருன்னு இப்பவே தெரியணும். வாசல் கேமராவைப் போடுங்க, இதே திரையில."

"தனியாப் பாத்துக்கலாமே சார்" என்றாள் வரவேற்பறைப் பெண்.

"எல்லாரும் பாக்கட்டும்."

பார்த்தார்கள். முகம் மறைக்கிற உயரத்துக்கு ஓர் அட்டைப்பெட்டியைச் சுமந்துகொண்டு ஒரு பெண் வாசலுக்கு வந்தாள். பாப்பாவின் பொம்மைகளைப் போட்டுவைக்க அவரே ஆபீசிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோன பெட்டி அது. அவளுக்கு முன்னால் கோடு போட்ட சட்டைக்காரர் ஒருவர், போனில் எதையோ மும்முரமாகத் தட்டிக்கொண்டு போனார். கார்டைத் தேய்த்தார். தலையைத் தூக்காமலே முழங்கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, பெட்டி உள்ளே போகும்வரை ஓரமாக ஒதுங்கி நின்றார்.

பூட்டு சார் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். கோடுகள் அங்கேயேதான் இருந்தன.

"தெரியாதவங்களுக்குக் கதவைப் பிடிக்காதீங்கன்னு காலைல ஒரு மெயில் வந்துச்சே" என்றார் கணக்கு அம்மாள் மெதுவாக. "அதை அப்பத்தான் அடிச்சுக்கிட்டிருந்தீங்களா சார்?"

கணக்கு அம்மாள் உட்கார்ந்துவிட்டார். நிற்கவேண்டியவர்தான் ஏற்கனவே நிற்கிறாரே.

வகுப்பு வாசலில் பெட்டியோடு மனைவி. "பாப்பா பக்கத்து வீட்டு அக்காகிட்ட இருக்கா, சீக்கிரம் போகணும்" என்றவள் டைரக்டரைப் பார்த்தாள். "மன்னிச்சுக்கங்க சார். கல்யாணமானதிலேருந்து இவரு எனக்காகக் கதவைப் பிடிச்சது இதான் முதல் தடவை. அதான் வேண்டாம்னு சொல்ல மனசு வரலை."

அந்தப் பெட்டிக்குள் தன்னையே போட்டு மூடிக்கொண்டு போய்விட மாட்டாளா என்றிருந்தது பூட்டு சாருக்கு.

"தப்பு... என்னுடையது" என்றார். தரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பந்தயத்திலிருந்து தப்ப ஒரே ஒரு வழி மிச்சமிருந்தது. டைரக்டர் பக்கம் போய்க் குரலைத் தாழ்த்தினார். "சார், பாப்பாவைப் பாத்துக்க அடுத்த வாரம் பூரா என்னை லீவு போடச் சொல்றா. ஆபீசுக்கு ஆபத்துன்னா நீங்க தாராளமா முடியாதுன்னு சொல்லலாம்."

"சேச்சே, போயிட்டு வாங்க" என்றார் டைரக்டர். "அந்த ஒரு வாரமாவது கதவு மூடியிருக்கும்."