நூறு வாட் பாதுகாப்பு

"பாடுதா, முனகுதா?" என்றாள் மனைவி சமையலறையிலிருந்து.

"பாடுது. கிட்ட வந்து கேளு."

வந்தாள். ஸ்பீக்கர் துணியில் காதை ஒட்டினாள். "கிணத்துக்குள்ள யாரோ பேசற மாதிரி இருக்குங்க."

பொறியாளர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவளைப் பார்த்தார். மின்துறைப் பாதுகாப்புப் பிரிவின் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஃபேன் ரெகுலேட்டரைத் தொடுவதென்றாலும் செருப்பு மாட்டிக்கொள்பவர். மாமனார் வீட்டுப் பரணில் கிடந்த, கண்ணாடிக் குழல் வால்வுகளால் ஓடும் பழைய ரேடியோவை, மேல்மூடிக்குள் ரெக்கார்டு பிளேயர் வைத்த அந்தத் தேக்குப் பெட்டியை, "நான் பாட வைக்கிறேன்" என்று சவால்விட்டுத் தூக்கிவந்திருந்தார்.

"பாடலைன்னா தப்பில்ல மாப்பிள்ளை," என்றிருந்தார் மாமனார். "ஞாயித்துக்கிழமை பழைய சாமான்காரனோட வர்றேன். அவன் எடுத்துக்குவான்."

பெட்டியைச் சும்மா சொல்லக்கூடாது. ஐம்பது வருடத் தூசியைத் துடைத்ததும் மரம் தேன்நிறத்தில் மின்னியது. ஒரு மூட்டுகூட விட்டிருக்கவில்லை.

அவர் வேலையையும் சும்மா சொல்லக்கூடாது. முதல் நாளே வீங்கிய கண்டென்சர்களைக் கழற்றிப் புதியவற்றைப் பற்றவைத்தார். ஒவ்வொரு ஈயப் பொட்டும் முத்து. பழைய செட்டை நேரே சுவரில் சொருகக்கூடாது என்பதால், நடுவில் நூறு வாட் குண்டு பல்பு ஒன்றைக் கோத்து, அதன் வழியாகவே பெட்டிக்குக் கரண்ட் கொடுத்தார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரிந்து காட்டிக்கொடுக்கும்; பல்பு விடுகிற அளவுக்கு மேல் கரண்ட் போகாது, பெட்டி பிழைக்கும். பல்பு பளீரிடவில்லை, அரை வெளிச்சத்தில் நின்றது. பெட்டி பிழைத்தது. குரல்தான் கிணற்றுக்குள்.

"கடைசி வால்வு வீக்கு," என்று தீர்ப்பளித்தார். இரண்டு பஸ் மாறிப் போய்ப் புது வால்வு வாங்கிவந்தார்.

"அப்படியே அந்த பல்பையும் மாத்துங்க. நாள் பூரா எரிஞ்சு கண்ணை உறுத்துது."

மனைவி சொல்லுக்கு மதிப்புக் கொடுத்து அறுபது வாட் மாட்டினார். முனகல் பெருமூச்சானது. ரெக்கார்டைப் போட்டார்.

"பொம்பளை பாட்டுன்னீங்க?"

"பொம்பளைதான்."

"மீசை வச்ச குரலா இருக்கே!"

தட்டைச் சுற்றும் ரப்பர் சக்கரம் இறுகிவிட்டது என்றார். அதையும் மாற்றினார், மோட்டாருக்கு எண்ணெயும் விட்டார்.

"பல்புச் சூட்டுல கூடம் புழுங்குதுங்க."

நாற்பது வாட் வந்தது. தட்டு இரண்டு சுற்றுச் சுற்றி, யோசித்து, நின்றுவிட்டது. வால்வுகள் அணையப்போகும் ஊதுவத்தி முனைபோல் தெரிந்தன.

ஞாயிறு காலை மாமனார் சோபாவில் அமர்ந்தார். "முப்பது வருஷம் கரண்டைப் பத்தி ஊருக்கே வகுப்பெடுத்தவர்," என்று ஆரம்பித்தார்.

"பெட்டிக்கு வயசாச்சு மாமா. உள்ளே உயிரே இல்ல," என்றார் பொறியாளர். ஒரு வாரத்தில் அவருக்கும் பத்து வயது கூடியிருந்தது.

சாமான்காரர் பெட்டியைச் சுற்றிவந்தார். "எடுக்கறதுக்கு முன்னாடி ஒருதடவை போட்டுப் பார்த்துடறேன் சார்." பல்புக் கோர்வையை உருவி ஓரமாக வைத்தார். பெட்டியின் ஒயரை நேரே சுவரில் சொருகினார்.

"ஐயோ, அப்படியே சொருகாதீங்க!" என்று அலறி, பொறியாளர் செருப்பைத் தேடினார்.

ஐந்து வால்வுகளும் செக்கச்செவேலென்று கண் விழித்தன. தட்டு சுழன்றது. அந்தப் பாடகி ஐம்பது வருடத் தூக்கம் கலைந்தவளாக, கணீரென்று, கூடத்தையே நிறைத்தாள். அடுப்பை அணைத்துவிட்டு மனைவி ஓடிவந்தாள். மாமனார் எழுந்தே நின்றுவிட்டார்.

"மாப்பிள்ளை! என்ன ஒரு வேலை! என் காலத்துலகூட இப்படிப் பாடினதில்ல!"

பொறியாளர் நிமிர்ந்தார். கண்ணாடியை மேலே தள்ளினார். "கண்டென்சர், வால்வு, சக்கரம்... ஒரு வார உழைப்பு மாமா. படிப்படியாத்தான் வந்தது."

சாமான்காரர் நாற்பது வாட் பல்பைக் கழற்றி, துடைத்து, மரியாதையாக அவர் கையில் வைத்தார்.

"பெட்டியை நீங்க மொத நாளே சரி பண்ணிட்டீங்க சார். அதுக்கப்புறம் பண்ணினதெல்லாம் பட்டினி போட்டதுதான்."